ஒரு சின்னக் கோட்டை அடித்த கதை

அந்தக் கோடு குப்பை என்றுதான் நான் நினைத்தேன்.

5 என்ற எண்ணின் தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாய்கோடு. 3-க்கும் அப்படியே. ஓர் அத்தியாயத்தில் மட்டும் நாற்பத்து மூன்று இடம். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது இந்த மாதிரி ஏதாவது அங்கங்கே உதிர்ந்து கிடக்கும். அதைப் பெருக்கித் தள்ளுவது எங்கள் வேலை. நாற்பத்து மூன்றுக்கும் சிவப்பு மையில் டிலீட் குறி போட்டு, கம்ப்யூட்டர் பையனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

புத்தகம், பிளஸ் டூ மாணவர்களுக்கான உயிரியல் கைடு. எழுதியவர் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் ப்ரூஃப் அவர் வீட்டுக்குப் போன மறுநாள் காலையிலேயே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்.

"யார் சார் ப்ரூஃப் பார்த்தது?"

"நான்தாம்மா."

"ஐந்து ப்ரைம், மூன்று ப்ரைம் எல்லாம் எங்கே போச்சு?"

"அந்தக் கோடா? குப்பைன்னு எடுத்துட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், நீங்க பஸ்ஸோட போர்டைக் கழட்டிட்டீங்க. இப்ப இது தாம்பரம் போகுதா, தாம்பரத்திலேர்ந்து வருதான்னே தெரியாது."

டீ வந்தது. அம்மா ப்ரூஃப் தாளின் முதுகுப் பக்கத்தில் படம் போட ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். 1981-ல் பதினேழு வயதில் திருவல்லிக்கேணியில் ஒரு டிரெடில் அச்சகத்தில் அச்சுக்கோக்கச் சேர்ந்து, அப்புறம் ப்ரூஃப் ரீடர் ஆனவன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பரம்பரைக் குறிப்புகளை எழுதி வைத்திருக்கிற மூலக்கூறான டிஎன்ஏவை ஒரு செல் எப்படிப் பிரதி எடுக்கிறது என்பதுதான் அந்தப் படம். அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்ததில் புரிந்ததை என் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன்.

ஈய எழுத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்கும். தாளில் விழுவது வேறு, கையில் இருப்பது வேறு. ஆனால் ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைச் சொல்லிவிடலாம். டிஎன்ஏவின் இரண்டு இழையும் இந்த உறவில்தான் இருக்கின்றன. மொத்தம் நாலே எழுத்து. ஒரு பக்கம் ஏ இருந்தால் எதிரே டி, ஜி இருந்தால் எதிரே சி. செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் இழைகள் விலகும், ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே ஒரு புது இழை கோக்கப்படும். ஆகவே பிரதி ஒவ்வொன்றிலும் பாதி பழசு, பாதி புதுசு. 1958-ல் மெசல்சனும் ஸ்டாலும் கலிபோர்னியாவில் கனமான நைட்ரஜனைப் பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கொடுத்து இதைக் காட்டினார்கள்.

கோக்கிற கம்பாசிட்டரின் பெயர் டிஎன்ஏ பாலிமரேஸ். ஒரு நொதி, அதாவது ஒரு புரதம். அதன் உருவம் பாதி மூடிய வலது கை மாதிரி இருப்பதால் விஞ்ஞானிகளே அதன் பகுதிகளை உள்ளங்கை, விரல்கள், கட்டைவிரல் என்றுதான் அழைக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. காரணம் பின்னால் வருகிறது.

வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம் குடலில் இருக்கிற ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏ 46 லட்சம் எழுத்து. டெம்மி சைஸ் புத்தகப் பக்கத்துக்கு 1,500 எழுத்து என்று வைத்தால் மூவாயிரம் பக்கம். ஓரிடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் இரண்டு குழு கிளம்பி, சுமார் நாற்பது நிமிஷத்தில் முடித்துவிடுகின்றன. குழுவுக்கு நொடிக்கு ஆயிரம் எழுத்து. எங்கள் அச்சகத்தில் கெட்டிக்கார கம்பாசிட்டருக்கே ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம்தான்.

மனித செல்லில் கம்பாசிட்டர் இவ்வளவு வேகம் இல்லை, நொடிக்கு ஐம்பது எழுத்து போல. நம் முதல் குரோமோசோம் மட்டுமே சுமார் 25 கோடி எழுத்து. ஒரு முனையில் ஒரே ஆள் தொடங்கினால் ஐம்பத்தெட்டு நாள் ஆகும். அவசரப் புத்தகம் வந்தால் எங்கள் ஃபோர்மேன் ஆளுக்கு ஒரு ஃபாரமாகப் பிரித்துக் கொடுப்பார். செல்லும் அதையேதான் செய்கிறது. பல்லாயிரம் இடங்களில் ஒரே சமயத்தில் வேலை நடந்து, எட்டு மணி நேரம் போல எடுத்து எல்லாம் முடிகிறது.

கூட வேலை செய்கிறவர்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், இப்போதைக்கு இரண்டு பேரோடு நிறுத்துகிறேன். இழைகளைப் பிரித்துக்கொண்டே முன்னால் போவது ஹெலிகேஸ். முறுக்கிய கயிற்றை நடுவில் பிடித்து இரண்டாகப் பிரித்துப் பாருங்கள், மிச்சக் கயிறு முறுக்கேறிச் சுருண்டுகொள்ளும். டிஎன்ஏவில் பத்து எழுத்துக்கு ஒரு முறுக்கு. நொடிக்கு ஆயிரம் எழுத்து பிரித்தால் நூறு சுற்று. மேசை ஃபேன்கூட அவ்வளவு வேகமாகச் சுற்றாது. அந்த முறுக்கை எடுக்கப் பாக்டீரியாவில் கைரேஸ் என்ற நொதி இருக்கிறது. கயிற்றை அறுத்து, அறுந்த இடத்தின் வழியே இன்னொரு பாகத்தை விட்டு, மறுபடி ஒட்டிவிடும். போன வருடம் சிறுநீர்த் தொற்றுக்கு எனக்கு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை செய்வது, அறுத்துப் பிடித்த நிலையிலேயே கைரேஸைச் சிக்க வைப்பதுதானாம். அறுந்த டிஎன்ஏவோடு பாக்டீரியா சாகிறது. மூன்று நாள் முழுங்கினேன், இது தெரியாமலே.

இனி நான் அடித்த கோட்டுக்கு வருகிறேன்.

டிஎன்ஏவின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சர்க்கரை முதுகெலும்பு உண்டு. அந்தச் சர்க்கரையில் ஐந்து கார்பன். அவற்றுக்கு இலக்கம் போட்டு, எழுத்துப் பகுதியின் இலக்கங்களோடு குழம்பாமலிருக்க மேலே ஒரு கோடு போடுகிறார்கள். அதுதான் நான் பெருக்கித் தள்ளியது. 5′ கார்பனில் பாஸ்பேட் இருக்கும். 3′ கார்பனில்தான் அடுத்த எழுத்து வந்து ஒட்டும். ஆகவே புது இழை எப்போதும் 5′ பக்கம் தொடங்கி 3′ பக்கமாகத்தான் வளரும். எதிர்த் திசையில் கோக்கத் தெரிந்த டிஎன்ஏ பாலிமரேஸ் ஒன்றுகூட இல்லை.

"எதிர்ப் பக்கம் கோத்தா என்னம்மா? ஒரு எழுத்துதானே?" என்று கேட்டேன்.

"அதுக்குக் காரணமே உங்க வேலைதான் சார்" என்றார் அம்மா.

எனக்குப் புரியவில்லை. ஒவ்வோர் அடியாகச் சொன்னார். வந்து சேரும் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பாஸ்பேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அதில் இரண்டு உதிரும்போது கிடைக்கிற சக்தியில்தான் அது இழையோடு ஒட்டுகிறது. தபால்தலை மாதிரி, தன்னை ஒட்டுவதற்கான பசையைத் தன் முதுகிலேயே கொண்டுவருகிறது. தப்பான எழுத்து ஒட்டிவிட்டால் பிய்த்துப் போட்டுவிடலாம், நஷ்டமில்லை. அடுத்து வருவது தன் பசையோடு வரும்.

எதிர்த் திசையில் வளர்ந்தால்? பசை வருகிற எழுத்தில் இருக்காது, ஏற்கெனவே இருக்கிற இழையின் நுனியில் இருக்கும். அங்கே ஒரு தப்பு எழுத்தைப் பிய்த்தால் அதோடு பசையும் போய்விடும். அடுத்த எழுத்து ஒட்ட வழியில்லை, வேலை அங்கேயே நின்றுவிடும். திருத்தினால் புத்தகம் நிற்கும், திருத்தாவிட்டால் பிழையோடு போகும். உயிர் இந்த இரண்டையுமே ஏற்காமல் ஒரே திசையை வைத்துக்கொண்டதற்கு உயிரியல் சொல்லும் விளக்கம் இதுதான்.

நாற்பது வருடமாக ப்ரூஃப் ரீடரை அச்சகத்தில் யாரும் மதித்துப் பார்த்ததில்லை. முதலாளிக்கு நாங்கள் தாமதத்தின் மறுபெயர். பிழை திருத்துவதற்கு வசதியாக வேலையின் திசையையே அமைத்துக்கொண்ட ஓர் இடம் உண்டு என்று கேட்டதும் டீயை ஆறவிட்டுவிட்டேன்.

அந்த வசதிக்கு விலை பெரிசு. இரண்டு இழையும் எதிரெதிர் திசையில் ஓடுகின்றன. ஹெலிகேஸ் பிரித்துக்கொண்டு போகிற திசையில் ஓர் இழையை நிறுத்தாமல் கோத்துக்கொண்டே போகலாம். மற்ற இழையில் முடியாது. கொஞ்சம் பிரியும்வரை காத்திருந்து, பின்பக்கமாகக் கோத்து, மறுபடி முன்னால் தாவி, மறுபடி பின்பக்கமாகக் கோத்து, துண்டு துண்டாகத்தான் ஆகும். பாக்டீரியாவில் துண்டுக்கு ஆயிரம் இரண்டாயிரம் எழுத்து, நமக்கு நூறு இருநூறுதான். பிற்பாடு லைகேஸ் என்ற நொதி துண்டுகளை ஒட்டும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் இருந்த ரெய்ஜி ஒகசாகி, சுனெகோ ஒகசாகி என்ற கணவன் மனைவி. பாக்டீரியாவுக்குச் சில நொடி மட்டும் கதிரியக்க எழுத்தைக் கொடுத்து உடனே நிறுத்திப் பார்த்தார்கள். புதிதாகக் கோத்தது முதலில் சின்னத் துண்டுகளில்தான் இருந்தது. நேரம் போகப் போக நீள இழைக்குள் போய்ச் சேர்ந்தது. இதை 1968-ல் வெளியிட்டார்கள். ரெய்ஜி ஹிரோஷிமாக்காரர். 1945-ல் குண்டு விழுந்தபோது பள்ளி மாணவர், கதிர்வீச்சு பட்டவர். 1975-ல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது வயது 44. சுனெகோ வேலையைத் தொடர்ந்தார். எங்கள் கைடில் இவர்களுக்கு ஒதுக்கிய இடம் ஒன்றரை வரி.

சரி, பிழையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அச்சகத்தில் கம்பாசிட்டர் இடது கையில் எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கைப் பிடித்து, கோத்த எழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவார். வேறு சைஸ் எழுத்து ஒன்று தவறிக் கலந்துவிட்டால் வரி ஆடும். வாசிக்காமலே கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். பாலிமரேஸும் வாசிப்பதில்லை. அதற்கு அர்த்தம் தெரியாது. சரியான ஜோடி உட்கார்ந்தால் அகலம் ஒரே சீராக இருக்கும், விரல்கள் மூடிக்கொள்ளும். தப்பான ஜோடி என்றால் இடிக்கும், விரல்கள் சரியாக மூடாது, வேகம் தடுமாறும்.

சில எழுத்து ஒரு கணம் வேஷம் போடும். ஒரு ஹைட்ரஜன் இடம் மாறினால் போதும், தப்பான ஜோடியும் சரியான ஜோடி போல உட்கார்ந்துவிடும். ஒட்டியும் விடும். அடுத்த கணம் வேஷம் கலையும், ஜோடி பிரிந்து நுனி தளர்ந்து ஆடும். இந்த ஆட்டத்தில்தான் பிடிபடுகிறது. ஆடுகிற நுனி, அதே நொதிக்குள், அணுக்களை அளக்கிற ஆங்ஸ்ட்ராம் கணக்கில் முப்பதுக்குச் சற்று மேல் தள்ளி இருக்கிற இன்னொரு குழிக்குள் நழுவுகிறது. அங்கே வெட்டும் கத்தி இருக்கிறது. கடைசி எழுத்து வெட்டுப்பட்டு, நுனி திரும்பி வந்து, கோப்பு தொடர்கிறது. இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே ப்ரூஃப்ரீடிங்தான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் நாளே சொன்னது, "அர்த்தத்தைப் படிக்காதே, எழுத்தைப் பாரு." விஷயம் சுவாரஸ்யமாக இருந்தால் கண் தானே சரிசெய்து வாசித்துக்கொண்டு ஓடிவிடும். அவர் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் பார்ப்பார். நான் தவறவிட்ட பிழைகளில் பாதிக்கு மேல் நல்ல கதைகளில் தவறவிட்டவை. பாலிமரேஸுக்கு அந்தச் சபலமே கிடையாது.

ஒன்றை மட்டும் அதனால் செய்ய முடியாது. வெற்றிடத்தில் முதல் எழுத்தை வைக்க வராது. நுனியைத் தொட்டுப் பார்த்துத்தான் கோக்கும் என்பதால், ஏற்கெனவே சரியாகப் பொருந்திய நுனி ஒன்று வேண்டும். தொடங்கித் தருவது பிரைமேஸ் என்ற வேறொரு நொதி. அது திருத்திப் பார்க்காமல் எழுதும். பத்துப் பன்னிரண்டு எழுத்து, அதையும் டிஎன்ஏவாக எழுதாமல், அதன் நெருங்கிய உறவான ஆர்என்ஏவாக எழுதும். பென்சிலில் எழுதி வைப்பது மாதிரி. நம்பத்தகாத பகுதி எது என்று பார்த்ததுமே தெரியும், பிற்பாடு அழித்துவிட்டு மையில் எழுதிக்கொள்ளலாம்.

டிஎன்ஏ பாலிமரேஸை முதலில் பிடித்தவர் ஆர்தர் கோர்ன்பெர்க், 1956-ல், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில். 1957-ல் அனுப்பிய இரண்டு கட்டுரைகளையும் ஒரு பெரிய உயிர்வேதியியல் இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. உண்டானதை டிஎன்ஏ என்று சொல்லலாமா கூடாதா என்பதில் தகராறு. 1958-ல் அதே இதழில் வந்தன, 1959-ல் நோபல். அது இருக்கட்டும், எனக்குப் பிடித்தது வேறு. அவருடைய நொதியோடு டிஎன்ஏவைப் பின்னாலிருந்து வெட்டுகிற குணம் ஒன்று கூடவே வந்தது. கோக்கிற நொதி எதற்கு வெட்ட வேண்டும்? சுத்திகரிப்பில் தப்பிக் கூட ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கு என்று நினைத்தார்கள். அது அழுக்கு இல்லை, ப்ரூஃப் பார்க்கிற வேலை என்று 1972-ல்தான் டக்ளஸ் புரூட்லாக்கும் கோர்ன்பெர்க்கும் காட்டினார்கள்.

"அவ்வளவு பெரிய ஆளே குப்பைன்னுதான் நினைச்சார் சார். நீங்க விட்டுத் தள்ளுங்க" என்றார் அம்மா. இப்படி ஓர் ஆறுதலை எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு முறை ப்ரூஃப் பார்த்தால் போதாது என்பது எங்களுக்கும் தெரியும், செல்லுக்கும் தெரியும். கோத்து முடித்த பிறகு இரண்டாம் ப்ரூஃப் ஒன்று நடக்கிறது. இரட்டை இழையின் மேல் ஒரு புரதம் ஓடி, ஜோடி சேராத இடத்தில் தட்டுப்படும் புடைப்பில் நிற்கும். ஆனால் இங்கே ஒரு பெரிய சிக்கல் உண்டு. எதிரெதிரே இரண்டு எழுத்து பொருந்தவில்லை என்றால் எதைத் திருத்துவது? தப்பான பக்கத்தைத் திருத்தினால் பிழை நிரந்தரமாகிவிடும்.

இது எனக்கு நடந்திருக்கிறது. ஓர் ஆசிரியர் தன் கையெழுத்துப் பிரதியைத் தானே டைப் அடித்துக் கொடுத்தார். எங்கள் ப்ரூஃபும் அதே மாதிரி தாள், அதே மாதிரி எழுத்து. ஒரு மதியத் தூக்கக் கலக்கத்தில் இரண்டும் இடம் மாறி, ப்ரூஃபை வைத்து மூலத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன், இருபத்தெட்டுப் பக்கம். அதற்குப் பிறகு முதலாளி "மூலம்" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினார். வந்ததும் முதல் வேலை அதைக் குத்துவது.

ஈ.கோலையிடமும் அந்த ஸ்டாம்ப் இருக்கிறது. ஜிஏடிசி என்று நாலு எழுத்து சேர்ந்து வரும் இடங்களில் எல்லாம் அங்குள்ள ஏ-யின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறியைக் குத்திவைக்கும். புது இழை கோக்கப்பட்டதும் அதில் குறி இருக்காது, குத்துவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் திருத்துகிற நொதிகள் வந்து, குறி இல்லாத இழை எது என்று பார்த்து, அதை மட்டும் வெட்டி மறுபடி எழுத வைக்கும். நம் செல்லில் இந்த மெத்தில் முறை இல்லை. புது இழையில் இன்னும் ஒட்டாமல் இருக்கிற வெட்டுகள் அந்த அடையாளத்தைத் தருகின்றன. இதையெல்லாம் பிரித்து விளக்கிய பால் மோட்ரிச்சுக்கு, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் வேறு வழிகளைக் கண்ட இருவரோடு சேர்த்து 2015-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். இந்த இரண்டாம் ப்ரூஃப் நொதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருக்கும் குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் இளம் வயதிலேயே வருகிறது.

சுமாராகக் கணக்கு இது. கோக்கும்போதே தேர்ந்தெடுப்பதில் லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை. முதல் ப்ரூஃபுக்குப் பிறகு கோடிக்கு ஒன்று. இரண்டாம் ப்ரூஃபுக்குப் பிறகு நூறு கோடிக்கு ஒன்று, அல்லது அதைவிடக் குறைவு. முந்நூறு பக்கப் புத்தகமாகச் சொன்னால் இரண்டாயிரத்து இருநூறு புத்தகத்தில் ஒரே ஓர் எழுத்துப்பிழை. என் கணக்கு முந்நூறு பக்கத்தில் நாலைந்து. மனம் விட்டுச் சொன்னால் ஏழெட்டு.

ஓர் எழுத்து என்ன செய்யும்? பல வருடம் முன்பு ஒரு பெரிய வியாபாரியின் நினைவு மலர். "இறந்தார்" என்பது "இரந்தார்" என்று போய்விட்டது. ஊருக்கே வாரி வழங்கினவர் ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை பிச்சை எடுத்தார் என்று ஆயிரம் பிரதி. மகன் வந்து ஒன்றும் பேசாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். திட்டியிருக்கலாம்.

ரத்தத்தில் ஹீமோகுளோபினுக்கான குறிப்பில் ஓரிடத்தில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி வந்தால் அரிவாள் செல் சோகை. நம் நாட்டில் அது முதலில் அறியப்பட்டது நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952-ல். மறுபுறம், சில பிழை பிழையே இல்லை. செல் மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, புரதத்தின் துண்டான அமினோ அமிலத்தை ஒவ்வொன்றாகச் சேர்க்கும். ஜிஏஏ என்றாலும் ஜிஏஜி என்றாலும் செல்லுக்கு ஒரே அமினோ அமிலம்தான். கருப்பு என்று போட்டாலும் கறுப்பு என்று போட்டாலும் நான் விட்டுவிடுவது மாதிரி. பிறக்கிற ஒவ்வொரு குழந்தையிடமும் அப்பா அம்மாவிடம் இல்லாத புது எழுத்து மாற்றம் அறுபது எழுபது இருக்குமாம். பிழையே விழாமல் இருந்திருந்தால் பாக்டீரியாவைத் தாண்டி உலகத்தில் ஒன்றுமே வந்திருக்காது என்றார் அம்மா. இருக்கலாம். தொழில் காரணமாக எனக்கு அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

நாற்பத்து மூன்று கோட்டையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டோம். மூன்றாம் ப்ரூஃப், நாலாம் ப்ரூஃப் எல்லாம் பார்த்து, ஜூனில் கைடு வெளியே வந்தது. பத்து நாள் கழித்து அம்மா போன் செய்தார். குரலிலேயே சிரிப்பு தெரிந்தது. அன்று சாயங்காலம் ஆயிரத்து இருநூறு துண்டுச் சீட்டு அடித்து, கடைக்குப் போகாத பிரதிகளில் வைத்தோம்.

பக்கம் 112, வரி 9: "ஒசகாகி" என்பதை "ஒகசாகி" என்று திருத்தி வாசிக்கவும்.